அறிவிப்பு வந்தது முதல் கோப்பில் சேரும் வரை: அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

உசிலம்பட்டிப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருக்கும் எனக்கு, காலை ஏழு மணிக்குள் கைப்பேசியில் வந்து சேரும் செய்திகள் சாதாரண நாளிலேயே இருபதைத் தாண்டிவிடும். முதன்மைக் கல்வி அலுவலகக் குழு, மாவட்டக் கல்வி அலுவலகக் குழு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்விக் குழு, தேர்வுப் பணிக் குழு, சங்கக் குழு என்று ஒவ்வொன்றிலும் ஒரே செயல்முறைகள் (கல்வி அலுவலர்கள் எழுத்தில் அனுப்பும் ஆணை) நான்கு முறை வருகின்றன. அவற்றுக்கு நடுவே, ஒரு பிள்ளையின் உதவித்தொகையை முடிவு செய்யும் ஒற்றைப் பக்கக் கடிதமும் வந்து, பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடுகிறது. அந்த ஒற்றைப் பக்கத்தைத் தவறவிடாமல் இருப்பதற்காக நான் கடைப்பிடித்து வரும் முறையை, புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன்.

இந்த முறைக்கு நான் வந்து சேர்ந்ததே ஓர் இழப்பினால்தான். முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்ற ஒரு மாணவி இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கில் வர வேண்டும். அதற்கு ஒவ்வோர் ஆண்டும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பத்தைப் புதுப்பித்து, பள்ளி அளவில் நாம் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அவள் பத்தாம் வகுப்பு வந்த ஆண்டில், புதுப்பித்தலுக்கான கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை குழுவில் வந்தது. நான் அதைப் பார்த்தேன். திங்கட்கிழமை செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை வேறு ஒரு படிவம் அவசரம் என்று கேட்டார்கள். இறுதி நாளன்று மாலை உட்கார்ந்தபோது, ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து பெயருக்குப் பின்னாலும், தேர்ச்சிப் பட்டியலில் பெயருக்கு முன்னாலும் இருந்ததால் விண்ணப்பம் நகரவில்லை. அந்த ஆண்டுத் தொகை அவளுக்கு வராமலே போயிற்று. கூலி வேலை செய்யும் வீட்டில் 12,000 ரூபாய் என்பது எத்தனை நாள் உழைப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்றுதான், வந்த செய்தியைப் பார்த்தோம் என்பதற்கும் அதைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கும் உள்ள தூரம் எனக்குப் புரிந்தது.

எது ஆணை, எது செய்தி

கையில் வந்த எதையும் பிறருக்கு அனுப்புவதற்கு முன்னால், அது என்ன வகைத் தாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது அமைச்சர் வெளியிடும் அறிவிப்பு, அறிவிப்பு மட்டுமே. அது அரசாணையாகி, அரசாணையைப் பார்வையில் (முந்தைய ஆணைகளைச் சுட்டும் பகுதியில்) காட்டி இயக்குநர் செயல்முறைகள் வெளியிட்டு, அதைப் பின்பற்றி முதன்மைக் கல்வி அலுவலர் மாவட்டத்துக்கான செயல்முறைகளை அனுப்பிய பிறகுதான் பள்ளியில் நாம் செய்ய வேண்டிய வேலை முழுமையாகத் தெரியவரும். நாளிதழில் காலையில் வந்த செய்தியை வைத்துக்கொண்டு அன்று மாலையே பெற்றோரிடம் வாக்குக் கொடுத்துவிட்டால், பின்னால் அரசாணையில் உள்ள தகுதி வரம்புகளைப் பார்த்து நாமே திகைத்து நிற்க நேரிடும்.

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2017-18-ஆம் கல்வியாண்டில் கொண்டுவரப்பட்ட அந்தப் பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025-26 முதல் கைவிடப்பட்டது. அந்தச் செய்தி வந்த வாரத்தில், பதினொன்றாம் வகுப்புக்கு இனித் தேர்வே கிடையாது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் புரிந்துகொண்டார்கள். கைவிடப்பட்டது பொதுத்தேர்வுதான், பள்ளி அளவிலான ஆண்டுத்தேர்வும் பாடமும் அப்படியே இருக்கின்றன என்பதை எங்கள் பத்தாம் வகுப்புப் பெற்றோரை உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தவறான எண்ணத்தோடு போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நீதிமன்றத் தீர்ப்புகளில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வு குறித்து 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாளில், கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்த ஆசிரியர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற குரல் பதிவுகள் குழுக்களில் சுற்றின. தீர்ப்பு சொன்னதோ வேறு: ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும்; ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தேர்ச்சி இல்லாமலே பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்குத் தேர்ச்சி தேவை. எங்கள் பள்ளியில் அன்று பிற்பகல் இரண்டு ஆசிரியைகள் வகுப்புக்குப் போக முடியாமல் கலங்கி உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்பின் அந்த வரிகளை அவர்கள் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கவலை முழுவதும் நீங்கவில்லை என்றாலும், எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெளிவாயிற்று. தலைமையாசிரியர் மூலத்தை வாசித்திருந்தால்தான் ஆசிரியர் அறையில் அமைதி இருக்கும்.

விடுமுறைச் செய்திகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். மழைக்கு விடுமுறை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அவருடைய அறிவிப்பு மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலகத்தின் வழியாகவும் முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகவும் வரும். எங்கோ ஒரு மாவட்டத்தின் சென்ற ஆண்டு ஆணையைத் தேதி தெரியாதபடி வெட்டி எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. ஆகவே படமாக வந்த ஆணையில் மாவட்டத்தின் பெயரும், தேதியும், கையொப்பமும் ஒரே படத்தில் தெரியாவிட்டால் அதை நான் அனுப்புவதே இல்லை. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளுக்கு விடப்படும் உள்ளூர் விடுமுறை ஆணையையும் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும். அந்த விடுமுறையை ஈடுசெய்யும் வேலைநாள் எது என்பதும், பொதுத்தேர்வுகளுக்கு அந்த விடுமுறை பொருந்துமா என்பதும், செலாவணி முறிச் சட்டம் 1881-இன்கீழ் வராத விடுமுறை என்பதால் கருவூலம் குறைந்த பணியாளர்களோடு செயல்படும் என்பதும் அந்தக் கடைசிப் பத்திகளில்தான் இருக்கும்.

ஒரு செயல்முறைகளை வாசிக்கும் வரிசை

மேலிருந்து கீழாக வாசிப்பதே எல்லோருடைய பழக்கம். நான் பெறுநரிலிருந்து தொடங்குகிறேன். மதுரை மாவட்டத்தில் இது மிகவும் தேவையான பழக்கம். ஏனென்றால், அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று ஒரே ஒன்றியத்துக்குள் ஐந்து வகை நிர்வாகங்கள் இருக்கக்கூடிய ஊர் இது. செல்லம்பட்டியிலோ உசிலம்பட்டியிலோ உள்ள ஒரு கள்ளர் சீரமைப்புப் பள்ளிக்கு, பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் மற்றப் பள்ளிகளைப் போலவேதான். ஆனால் பணியிடம், மாறுதல், விடுப்பு ஆகியவற்றுக்கு மதுரையில் உள்ள கள்ளர் சீரமைப்பு இணை இயக்குநர் அலுவலகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக் கல்வி இயக்குநரின் மாறுதல் கலந்தாய்வுச் செயல்முறைகளைப் பார்த்து அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவர் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. பெறுநர் பட்டியலிலும் நகல் பட்டியலிலும் நம்முடைய அலுவலரின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

அடுத்து, தேதியையும் ந.க. எண்ணையும் (அந்தத் தாளுக்கு அலுவலகம் கொடுத்த கோப்பு எண்) பார்க்கிறேன், அதற்குப் பிறகு பார்வை. பார்வையில் உள்ள எண்களைப் பலர் வாசிப்பதே இல்லை, ஆனால் ஆணையின் வரலாறு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியபோது அது 1,545 பள்ளிகளுக்கு மட்டும் உரியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. இவற்றில் எந்தக் கட்டத்தின் ஆணை நம் கையில் இருக்கிறது என்பது தெரியாமல், பழைய தாளைக் காட்டி நமக்கு இது பொருந்தாது என்று ஒரு பள்ளி சொல்லிவிட்டால், வெறும் வயிற்றோடு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பொருளில் புதிய ஆணை வந்தால், பார்வையில் சுட்டப்பட்ட பழைய ஆணையை எடுத்து, அதன் தலைப்பில் ‘இன்ன தேதி ஆணையால் மாற்றப்பட்டது’ என்று எழுதி, இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட வேண்டும்.

அதன் பின்னரே உள்ளே போகிறேன். அலுவலகத் தமிழுக்குப் பழகாத புதியவர்கள், ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பதை வேண்டுகோளாகவும் ‘அறிவுறுத்தப்படுகிறது’ என்பதை ஆலோசனையாகவும் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே கட்டளைகள்தாம், மரியாதைக்காக அப்படி எழுதப்படுகின்றன. ‘இப்பொருள் சார்ந்து’ என்று தொடங்கும் பத்தியில்தான் நாம் செய்ய வேண்டிய வேலை இருக்கும். இணைப்பு என்று குறிப்பிட்டிருந்தால் இணைப்பைத் திறக்காமல் வாசிப்பு முடியவில்லை என்று கொள்ளுங்கள். படிவம், கால அட்டவணை, பள்ளிகளின் பட்டியல் எல்லாம் இணைப்பில்தான் வரும், குழுவில் அனுப்புகிறவர் பெரும்பாலும் முதல் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பியிருப்பார்.

படமாக வந்ததில் ஐயம் இருந்தால் பள்ளியின் அலுவல் மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். அரசாணை என்றால் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் துறையையும் தேதியையும் கொடுத்துத் தேடலாம்; தேர்வு தொடர்பானது என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தில் இருக்கும். அங்கெல்லாம் கிடைக்காவிட்டால், அலுவலகத்தில் அந்தப் பொருளைப் பார்க்கும் பிரிவு எழுத்தரிடம் ந.க. எண்ணைச் சொல்லிக் கேட்பதுதான் நேர்வழி. எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதில் உடனே கிடைக்கிறது. ‘சார், ஏதோ ஒரு லெட்டர் வந்துச்சாமே’ என்று கேட்டால் அவராலும் தேட முடியாது.

ஒரே பதிவேடு

பெறுகைப் பதிவேடு என்று ஒன்று எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறது. தபாலில் வந்ததை மட்டும் அதில் பதிவது பழைய வழக்கம். இன்றைக்குத் தபாலில் வருவது மிகவும் குறைவு. ஆகவே மின்னஞ்சல், குழுச் செய்தி, கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னது என எல்லாமே அந்த ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும். என்னுடைய பதிவேட்டில் பதிவு ஒன்று இப்படி இருக்கும்: வந்த நாள், வந்த வழி, ந.க. எண்ணும் நாளும், பொருள் ஒரு வரியில், யார் பொறுப்பு, அலுவலகக் கெடு, நம் கெடு, முடித்த நாள். அலுவலகக் கெடுவுக்கு இரண்டு வேலைநாள் முந்தையதே நம் கெடு. அதைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். இறுதி நாளன்று மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் எமிஸ் என்ற பள்ளி, மாணவர் விவர இணையதளத்தில் உட்காருவதால் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் பட்டுத் தெரிந்ததுதான். முடித்த நாள் என்ற கட்டம் வெறுமையாக உள்ள வரிகளை மட்டும் தினமும் காலை இறைவணக்கக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு முறை பார்த்துவிட்டால், அன்றைக்கு என்ன வேலை என்பது தானாகத் தெரிந்துவிடும். இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை.

பொறுப்பு என்ற கட்டத்தில் ஒரே ஒருவர் பெயர்தான் இருக்க வேண்டும். ‘வகுப்பாசிரியர்கள்’ என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள் என்று குறையாகச் சொல்லவில்லை; ஒவ்வொருவரும் மற்றவர் செய்திருப்பார் என்று நல்லெண்ணத்தோடு நினைத்துக்கொள்வார்கள்.

மறக்கக் கூடாத இரண்டு தேதிகள்

ஆண்டு முழுவதும் விவரங்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரமும், செப்டம்பர் 30-ஆம் தேதி நிலவரமும் மற்றத் தேதிகளைப் போன்றவை அல்ல. ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையைக் கொண்டுதான் ஆசிரியர் பணியிட நிர்ணயம் நடக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்கள். அறுபத்தொன்றாவது பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கலாம். முந்தைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் கொடுத்தும் எமிஸில் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு) அனுப்பாமல் வைத்திருந்தால், அந்தப் பிள்ளை நம் எண்ணிக்கையில் வரமாட்டாள். அப்படி ஒரு பிள்ளை விடுபட்டதால் ஓர் ஆசிரியர் உபரி என்று கணக்கிடப்பட்டு வேறு ஊருக்கு அனுப்பப்படுவதும், மீதமுள்ளவர்கள் ஐந்து வகுப்பையும் சேர்த்துப் பார்ப்பதும் எந்தத் தலைமையாசிரியருக்கும் நேரக் கூடாத துன்பம். ஜூலை கடைசி வாரத்தில் வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துச் சரிபார்க்கும் வேலையை வேறு யாரிடமும் நான் ஒப்படைப்பதில்லை.

செப்டம்பர் 30 நிலவரம், யூடைஸ் என்ற நாடு தழுவிய பள்ளி விவரப் பதிவுக்கு உரியது. பள்ளி மானியம் அந்த எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிமுறைப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000 ரூபாய். முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் 15,000 ரூபாய் நிற்கிறது. அது கழிப்பறைக் கதவாகவோ, குடிநீர்த் தொட்டியாகவோ, நின்றுபோன மின்விசிறியாகவோ ஆகக்கூடிய பணம். கழிப்பறை, தண்ணீர்க் குழாய், சாய்தளம், மின் இணைப்பு பற்றிய கட்டங்களையும் நேரில் போய்ப் பார்த்து நிரப்ப வேண்டும். உடைந்து பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைச் ‘செயல்படுகிறது’ என்று பதிந்துவிட்டால், புதியது கேட்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுத்தவர்களாகிறோம். பள்ளியின் நற்பெயருக்காக அப்படிப் பதிகிறவர்களை நான் அறிவேன். பிள்ளைகளுக்கு அதனால் நன்மை எதுவும் இல்லை.

இவற்றோடு பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரின் எழுத்து, தாய் தந்தை பெயர் ஆகியவற்றை அச்சிட்டு, மாணவர் கையிலும் பெற்றோர் கையிலும் கொடுத்து, கையொப்பம் வாங்கிய பிறகே இறுதி செய்ய வேண்டும். சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு ஓர் எழுத்தைத் திருத்த அந்தக் குடும்பம் எத்தனை முறை சென்னைக்கு அலைய நேரும் என்பதை நினைத்தால், இப்போது செலவாகும் இரண்டு நாள் பெரிதாகத் தெரியாது.

வீட்டுக்குச் சொல்லும் முறை

செயல்முறைகளை அப்படியே பெற்றோர் குழுவில் போடுவதால் யாருக்கும் எதுவும் போய்ச் சேர்வதில்லை. அதைப் பெற்றோர் மொழியில் எழுத வேண்டும். எழுதும்போது யாருக்கு, என்ன கிடைக்கும், என்ன கொண்டுவர வேண்டும், எப்போதுக்குள், யாரைப் பார்க்க வேண்டும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு நான் கரும்பலகையில் எழுதுவது இது:

‘எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு. உதவித்தொகைத் தேர்வு வருகிறது. தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பிள்ளையின் கணக்கில் வரும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்கள் எழுதலாம். வருமானச் சான்று, ஆதார், பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிப் புத்தகம் மூன்றையும் வெள்ளிக்கிழமைக்குள் எட்டாம் வகுப்பு ஆசிரியையிடம் காட்டவும். எதாவது இல்லையென்றால் இல்லை என்று சொல்லவாவது வரவும்.’

அந்தக் கடைசி வரியை நான் சேர்த்த பிறகுதான், சான்று இல்லாத வீடுகளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அதுவரை, தாள் கையில் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

எங்கள் பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. முறுக்கு, சேவு போட்டு விற்பதற்காகத் தாயும் தகப்பனும் வெளிமாநிலத்துக்குப் போய்விட, பிள்ளைகள் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ வளர்கிற வீடுகள் பல. எமிஸில் பதிந்திருக்கும் கைப்பேசி எண் தகப்பனுடையது. ஒரு நாள் மதியம், உதவித்தொகை விண்ணப்பத்துக்காக வந்து உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒருவர், முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிறிய கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்து, அது ஒலிக்கும் என்று அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், ‘பெரிய டீச்சர், அந்த நம்பரு எம்மகன்ட்டல்ல இருக்கு, அவன் நாசிக்ல கெடக்கான்’ என்றார். மகனை அழைத்தோம், அடுப்படியில் நின்றவர் எடுக்கவில்லை, எடுத்தபோது ஓ.டி.பி.யின் நேரம் முடிந்திருந்தது. அந்த நாளுக்குப் பிறகு, ஜூன் மாதமே வகுப்புவாரியாக ஒரு தாள் தயாரித்து, எந்தப் பிள்ளையின் எண் யாரிடம் எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை மணிக்கு அழைத்தால் எடுப்பார் என்று எழுதி வைத்துவிடுகிறோம். இப்படி ஒரு பதிவேட்டை எந்தச் செயல்முறைகளும் கேட்டதில்லை, ஆனால் எங்கள் பள்ளியில் மிகவும் பயன்படுகிற தாள் இதுதான்.

பெற்றோரைக் கூட்டும் நேரத்தையும் ஊரைப் பார்த்தே வைக்க வேண்டும். மல்லிகை எடுக்கப் போகிறவர்கள் விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வர முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதற்குக் காரணம், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவது அல்ல என்றே நான் புரிந்துகொள்கிறேன். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த மாதம் வந்த ஆணைகளில் பிள்ளைகளைத் தொடுகிற மூன்றையோ நான்கையோ வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் அதைத் தெருவுக்குக் கொண்டுபோவார்கள். எந்தக் குழுச் செய்தியும் அந்த அளவுக்குப் போகாது.

ஆறாம் வகுப்பிலேயே பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டிய ஒன்றும் இருக்கிறது. தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடும், உயர்கல்விக்குச் செல்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததைப் பார்க்கின்றன. நடுவில் ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் அன்றைக்காவது இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போக வேண்டாம் என்று தடுப்பது நம் வேலை இல்லை, தெரிந்து முடிவெடுக்கட்டும்.

குழுவில் போடக் கூடாதவை

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், சாதிச் சான்று, மாற்றுத்திறன் விவரம், மருத்துவ விவரம் உள்ள பட்டியல்களை அவசரத்துக்காகக் கூட வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கேட்டவருக்கு மட்டும், அலுவல் மின்னஞ்சலில் அனுப்புங்கள். பிள்ளைக்குப் பாலியல் துன்பம் நேர்ந்ததாகத் தெரியவந்தால், அது எந்தக் குழுவிலும் பேசுவதற்கு உரியதல்ல. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவிப்பதைக் கடமை ஆக்கியிருக்கிறது. மேலதிகாரியின் செயல்முறைகள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளி மாணவர் உதவி எண் 14417 ஆகிய இரண்டும் எல்லா வகுப்பறைச் சுவரிலும், பிள்ளையின் கண் உயரத்தில், எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒரே விவரத்தை மூன்று இடங்களில் கேட்கும்போது

இது எல்லோருக்கும் உள்ள மனக்குறை; நியாயமான குறையும்கூட. மாணவர் எண்ணிக்கையை இன ரீதியாக, பாலின ரீதியாக, வகுப்பு ரீதியாக ஒரு தாளில் வைத்து, ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில் புதுப்பித்து, எமிஸ் எண்ணிக்கையோடு ஒத்துப்பார்த்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டால், யார் கேட்டாலும் ஒரே எண் போகும். முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு 214 என்றும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு 216 என்றும் போய்விட்டால், அதற்கு விளக்கம் எழுதுவதில்தான் உண்மையில் நேரம் போகிறது. ஏற்கெனவே எமிஸில் ஏற்றிய விவரம் என்றால், ‘இவ்விவரம் இன்ன நாளில் எமிஸில் பதிவேற்றப்பட்டுள்ளது’ என்று பணிவாக ஒரு வரி எழுதி அனுப்பலாம், நான் அனுப்பியிருக்கிறேன், எவரும் கோபித்துக்கொள்ளவில்லை. நம் பள்ளிக்குப் பொருந்தாத பொருளாக இருந்தாலும் பேசாமல் இருந்துவிடாமல், ‘விவரம் இல்லை’ என்று சொல்லும் இன்மை அறிக்கை கொடுத்துவிட வேண்டும். நாம் பதில் அனுப்பாத ஒரே காரணத்தால் மாவட்டத் தொகுப்பு நின்றுபோவதும், எழுத்தர் மாலை ஆறு மணிக்கு நம்மைத் தொலைபேசியில் தேடுவதும் இருவருக்குமே சிரமம்.

கோப்பும் ஒப்படைப்பும்

தாள்களைத் தேதி வரிசையில் அடுக்காமல் பொருள் வரிசையில் அடுக்குங்கள். உதவித்தொகை, தேர்வு, கட்டடம், பணியாளர், மேலாண்மைக் குழு, நலத்திட்டப் பொருட்கள் என்ற ஆறு கோப்புகள் ஒரு உயர்நிலைப் பள்ளிக்குப் போதும் என்பது என் அனுபவம். ஒவ்வொரு கோப்பின் மேலும் நடப்பில் உள்ள ஆணைகளின் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால், ஆண்டாய்வுக்கு வருகிறவர் கேட்கும்போது பீரோவைக் கவிழ்க்க வேண்டியதில்லை.

மாறுதல் கலந்தாய்வு முடிந்து அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, இருப்புப் பதிவேடும் சாவிக் கொத்தும் கடவுச்சொற்களும் கைமாறுகின்றன. நிலுவையில் உள்ள கெடுக்கள் கைமாறுவதில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் பிள்ளைகள் இழப்பவற்றில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் போகிறது. ஆகவே, நான் ஒப்படைக்கும் கோப்பில் முதல் தாளாக ஒரு பட்டியலை வைக்கிறேன். அந்த ஆண்டில் உதவித்தொகையைப் புதுப்பிக்க வேண்டிய பிள்ளைகளின் பெயர், ஆதாரில் அந்தப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, வீட்டில் ஓ.டி.பி. வரும் கைப்பேசி இப்போது யார் கையில் இருக்கிறது என்ற மூன்றும் அதில் இருக்கும். புதியவரோடு உட்கார்ந்து அந்தத் தாளை ஒரு முறை சத்தமாக வாசித்துவிட்டுத்தான் பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தில் கையொப்பமிடுகிறேன்.